கன்னியாஸ்திரிக்குக் கட்டிய நாடா

கிளேலியாவுக்கும் அவள் தம்பி தெரேசியோவுக்கும் பேச்சு நின்றுபோனது ஒரு டிராக்டர் திரும்புகிற இடத்துக்காக. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். இத்தாலியின் மொன்ஃபெர்ராத்தோ குன்றுகளில் யாரும் சிரிக்கமாட்டார்கள். திராட்சை வரிசை முடிகிற இடத்தில் புல் முளைத்த ஒரு பட்டை நிலம் விட்டிருப்பார்கள். வண்டி அதில்தான் திரும்ப வேண்டும். அப்பா தெல்மோ செத்தபின் தோட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது அந்தப் பட்டை முழுசும் அக்கா பக்கம் போய்விட்டது. தம்பி கேட்காமல் வண்டியைத் திருப்பினான். அக்கா இரும்புக் கம்பி நட்டாள். டிராக்டரின் மூக்கு நசுங்கியது. அதற்குப் பிறகு ஞாயிறு பூசைக்கு வந்தாலும் ஆளுக்கொரு பக்கம்தான் உட்கார்ந்தார்கள்.

கம்பி என்பது வெளியே சொல்லிக்கொள்ளக் கிடைத்த காரணம். உள்ளே கிடந்தது வேறு. அப்பா காலத்துத் தோட்டம் கதம்பத் தோட்டம். பர்பேரா என்கிற கறுப்புத் திராட்சை வரிசைகளுக்கு நடுநடுவே பெயர் தெரிந்ததும் தெரியாததுமாக என்னென்னவோ கொடிகள் நிற்கும். ஒரு கொடி பட்டுப்போனால் கையில் கிடைத்த இன்னொன்றை அங்கே நட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்த காலம் அது. பாகம் கைக்கு வந்ததுமே தெரேசியோ தன் பக்கத்தைக் கூண்டோடு பிடுங்கிவிட்டு பிரெஞ்சு வெள்ளைத் திராட்சை வைத்தான். நன்றாகவே விற்றது. அந்தத் தெம்பில் காப்பிக்கடையில் நின்றுகொண்டு, "அக்கா தோட்டமா? அது தோட்டம் இல்லப்பா, அனாதை ஆசிரமம்" என்றான். அன்று சாயங்காலத்துக்குள் அது அவள் காதுக்கு வந்து சேர்ந்தது. இந்த மாதிரிச் சரக்கைச் சுமக்க அந்த ஊரில் ஆள் பஞ்சமே கிடையாது.

கிளேலியா அறுபதை நெருங்குகிறவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை கிடையாது. கோபத்தை அவள் கொட்டித் தீர்க்கிற ரகம் இல்லை. குளிர்காலத்துக்கு ஜாம் போட்டு வைப்பதுபோல் மூடி போட்டு எடுத்து வைக்கிற ரகம். "அனாதை ஆசிரமம்" என்ற வார்த்தையை அப்படித்தான் வைத்திருந்தாள். ஒரு கொடியைக்கூடப் பிடுங்கவில்லை. காய்க்காததையும் பிடுங்கவில்லை. கவாத்துக்குக் கூலி கொடுத்து நொந்துபோனாலும் பிடுங்கவில்லை.

ஒரு ஜூன் மாதம் டாக்டர் ஒரியெத்தா என்ற பெண் அவள் தோட்டத்துக்கு வந்தாள். திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. பெயரில்லாமல் நிற்கும் பழைய கொடிகளைத் தேடிக் குன்று குன்றாக ஏறி இறங்குவதுதான் அவள் பிழைப்பு. வெயிலில் சிவந்த மூக்கும், முழங்கால் மண்ணுமாக வரிசை வரிசையாய்ப் பார்த்துக்கொண்டே வந்தவள், மேல்கோடியில் இரும்புக் கம்பியை ஒட்டி நின்ற ஒரு கிழட்டுக் கொடியின் முன்னால் நின்றுவிட்டாள்.

"இது என்ன சாதிங்க?"

"கன்னியாஸ்திரி" என்றாள் கிளேலியா.

"என்னது?"

"இலையைத் திருப்பிப் பாருங்க, தெரியும்."

இலையின் அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று பஞ்சு போர்த்தியிருந்தது.

"முக்காடு போட்ட மாதிரி இல்ல? அப்பா வச்ச பேரு. ஊரே பறிச்சு, பிழிஞ்சு, பீப்பாயில ஊத்தி மூடினப்புறம்தான் இது பழுக்கவே ஆரம்பிக்கும். எவனுக்காகவும் அவசரப்படாது."

ஒரியெத்தா சிரித்தாள். நாலு இலையைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போனாள். கிளேலியா அதை மறந்தே போனாள். இலையைக் கிள்ளிக்கொண்டு போகிறவர்கள் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆனால் ஆகஸ்ட் கடைசியில் ஒரியெத்தா திரும்பி வந்தாள். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், நேரில் வந்தாள். கிளேலியா அப்போது கீழ் வரிசைகளில் மஞ்சள் நோய் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குன்றுகளில் ஆகஸ்டில் எல்லோருக்கும் அதுதான் வேலை. இலை சுருண்டு, மஞ்சளடித்து, காய் பழுக்காமல் சுண்டிப்போகிற கொடியைக் கண்டால் சிவப்பு வெள்ளை நாடாவைக் கட்டிவிட வேண்டும். நாடா கட்டிய கொடியை வேரோடு எடுத்து எரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பூச்சி அதிலிருந்து அடுத்தவன் தோட்டத்துக்குப் பறக்கும். பறிப்பு மும்முரத்தில் யாராவது எடுக்காமல் விட்டிருந்தால், பக்கத்துத் தோட்டக்காரனே வந்து எடுத்துப் போட்டுவிட்டுப் போவான். அதை அங்கே யாரும் தலையீடு என்று நினைப்பதில்லை. உதவி என்றுதான் நினைப்பார்கள்.

"உங்க கன்னியாஸ்திரியோட மரபணுவைப் பார்த்தோம்" என்றாள் ஒரியெத்தா. அவளுக்கு மூச்சு வாங்கியது. "எங்ககிட்ட இருக்கற எதோடயும் சேரல. மத்த நாட்டுக்காரங்க வச்சிருக்கறதோடயும் சேரல. எங்களுக்குத் தெரிஞ்சவரைக்கும் இது ஒண்ணுதாங்க நிக்குது. வேற எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

"தம்பி பக்கத்துல நாலஞ்சு நின்னுச்சு" என்றாள் கிளேலியா நிதானமாக. "பிடுங்கிப் போட்டுட்டான்."

அதைச் சொல்லும்போது நாக்கு தித்தித்தது. இத்தனை வருஷத்தில் அவளுக்கு அவ்வளவு ருசியாக எதுவும் கிடைத்ததில்லை.

இரண்டு பேரும் மேல்கோடிக்கு ஏறிப் போனார்கள். ஒரியெத்தா கொடியின் தண்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"இப்பவே கொஞ்சம் கொழுந்து கிள்ளிட்டுப் போகட்டுமா? லேப்ல வச்சு வளர்த்துப் பார்ப்போம். உருப்படியா குச்சி வெட்டணும்னா ஜனவரிதான். ஆனா அதுவரைக்கும் ஒத்தைக் கொடியை நம்பி இருக்கறது எனக்கு பயமா இருக்குங்க."

"காயோட நிக்கறப்ப கிள்ளினா சோர்ந்து போயிடும்" என்றாள் கிளேலியா. "ஜனவரியில வாங்க. வேணுங்கற அளவுக்கு வெட்டிக்கங்க. அதுக்கு முன்னால நவம்பர்ல, சான் மார்த்தினோ விருந்துக்கு வாங்க. கோயில் மண்டபத்துல ஊரே உட்கார்ந்து சாப்பிடும். நீங்க எந்திரிச்சு நாலு வார்த்தை சொல்லணும். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

கொழுந்து கிள்ளினால் கொடி சோராது என்று அவளுக்குத் தெரியும். குலைகள் முழுசாக வேண்டும், அவ்வளவுதான். சான் மார்த்தினோ வாக்கில் அவை கன்னங்கரேலென்று பழுத்திருக்கும். ஒரு தட்டில் வைத்துத் தெரேசியோவின் முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். "இந்தாடா, அனாதை" என்று சொல்ல வேண்டும். பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"சரி, பறிக்கற ஆளுங்க தெரியாம கை வச்சிடப் போறாங்க. ஏதாவது அடையாளம் கட்டுங்க" என்றாள் ஒரியெத்தா.

கிளேலியாவின் மேலங்கிப் பையில் சிவப்பு வெள்ளை நாடா இருந்தது. அதையே கிழித்துக் கட்டினாள்.

"அந்த நாடாவா? அது நோய்க்குக் கட்டறது இல்லையா?"

"கட்டினவ நான். பிடுங்கறவளும் நான். என் தோட்டத்துக்குள்ள வேற யாரு வரப்போறா?"

அது உண்மைதான். கம்பி நட்ட நாளிலிருந்து அந்தத் தோட்டத்துக்குள் உறவு என்று சொல்லிக்கொண்டு ஒருவரும் கால் வைத்ததில்லை. அவள் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

செப்டம்பர் முடிவில், பறிப்பு தொடங்கிய இரண்டாம் நாள், டிரெய்லரிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கிக் கிளேலியா விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. நகரத்து ஆஸ்பத்திரியில் அறுத்து, கம்பி வைத்து, பிறகு நடக்கப் பழக்குகிற இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். "தோட்டத்துல கம்பி நட்டவளுக்கு உடம்புலயே கம்பி நட்டுட்டாங்க" என்று காப்பிக்கடையில் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று அவளுக்குப் படுத்த இடத்திலிருந்தே தெரிந்தது.

தெரேசியோ வரவில்லை. அவன் மனைவி பியெரா ஒரு கூடை பேரிக்காயோடு வந்தாள்.

"அண்ணி, பறிப்பைப் பத்திக் கவலைப்படாதீங்க. அவரு பார்த்துக்கறாரு. நேத்தே ஆளைக் கூட்டிக்கிட்டு உங்க தோட்டத்துல இறங்கிட்டாரு."

"அவனை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. மழை வரும்போல இருக்குன்னாரு, போயிட்டாரு."

கிளேலியா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்ததை நாத்தனார்க்காரி என்ற கௌரவத்தில் துடைக்கவும் இல்லை. அப்போது கன்னியாஸ்திரியின் நினைப்பு வந்தது. மேல்கோடிக் கொடியில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பலாமா என்று யோசித்தாள். ஏன் என்று கேட்பான். சொன்னால் கதை வெளியே போய்விடும். தட்டும் போச்சு, குலையும் போச்சு, "இந்தாடா" என்பதும் போச்சு. அது எப்படியும் பச்சையாகத்தானே நிற்கும், பறிக்கமாட்டான் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். நாடாவை அவள் நினைக்கவே இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் பிறகு எத்தனை தடவை நாக்கைக் கடித்துக்கொண்டாள் என்று கணக்கில்லை.

சான் மார்த்தினோ அவள் இல்லாமலே வந்து போனது. நவம்பர் பாதியில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வாசலில் தெரேசியோவின் கார் நின்றது. அவனேதான் வந்திருந்தான், சவரம் செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு. வழி முழுக்க இருவரும் பனிமூட்டத்தைப் பற்றியே பேசினார்கள். பேச்சு விட்டுப்போனவர்களுக்குப் பனிமூட்டம் நல்ல விஷயம்.

வீட்டில் அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. ரொட்டி வாங்கி வைத்திருந்தான். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டு, தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

"பர்பேரா நல்லா வந்திருக்குக்கா. பீப்பாயில கிடக்கு, அப்புறமா ருசி பாரு. உன் கம்பியில ஒண்ணைக்கூடத் தொடல. வண்டியைப் பின்னாலயே ஓட்டி ஓட்டிக் கழுத்து பிடிச்சுக்கிச்சு."

"டேய், அந்தக் கம்பியைப் பிடுங்கி எறிஞ்சிரு" என்றாள் கிளேலியா. சொல்லிவிட்டு அழுதாள். அவனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான். அதோடு நின்றிருந்தால் அவள் ஆயுசில் அதைப்போல ஒரு நல்ல நாள் இருந்திருக்காது.

"இன்னொண்ணு. நாடா கட்டின கொடியையெல்லாம் எடுத்துட்டேன். அடுத்த தோட்டக்காரன் முணுமுணுக்க ஆரம்பிச்சான், நோய்க் கொடி நிக்குதுன்னு. அவன் வாயைத் திறந்து உன்னைப் பத்தி எதுவும் சொல்றதுக்கு முன்னால முடிச்சிடணும்னு இறங்கிட்டேன். மூணு இருந்துச்சு."

"மூணா?"

"கீழ ரெண்டு. அது சுலபம். மேல்கோடியில ஒண்ணு." குரலைத் தாழ்த்தினான், சாவு சொல்ல வந்தவனைப்போல. "கன்னியாஸ்திரி, அக்கா. அதை நீயே பிடுங்கணும்னா உனக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதான், நீ வர்றதுக்குள்ள நானே பண்ணிட்டேன். சங்கிலி போட்டு டிராக்டர்ல இழுக்கல. மண்வெட்டியால சுத்தித் தோண்டி எடுத்தேன். அப்பா கை வச்சதாச்சே."

கிளேலியா தலையணையிலிருந்து நிமிர்ந்தாள்.

"அதுக்கு நோய்தான்னு நீ பார்த்தியா?"

"இலை சுருண்டிருந்துச்சு. ஊரே பறிச்சு முடிச்சும் காய் சிவக்காம நின்னுச்சு. கொஞ்சம் யோசிக்கத்தான் செஞ்சேன், இது எப்பவுமே இப்படித்தானேன்னு. ஆனா நாடா கட்டினது யாரு? நீ. உன் கண்ணு தப்புமா? எனக்குத் தப்பும், உனக்குத் தப்பாது."

அவன் வாயால் அவளைப் பற்றி அவள் கேட்ட முதல் பாராட்டு அது. அடப்பாவி, உலகத்தில் ஒன்றே ஒன்றுடா என்று கத்தியிருப்பாள். அப்போது அவன் தொப்பியை மறு கைக்கு மாற்றினான். உள்ளங்கையில் மண்வெட்டி பிடித்த கொப்புளங்கள் உடைந்து தழும்பாகி இருந்தன. அவனும் சின்ன வயசில்லை.

"காப்பி போடுடா" என்றாள்.

அவன் போனபின் கோலை ஊன்றிக்கொண்டு மேல்கோடிக்கு ஏறினாள். வைத்தியர் ஏறக்கூடாது என்றிருந்தார். கம்பிக்குப் பக்கத்தில் குழி நேர்த்தியாக மூடியிருந்தது. எரித்த இடத்தில் மழையில் கரைந்த சாம்பல். ஒரு குச்சி, விரல் நீளமாவது கிடைக்காதா என்று கோலால் கிளறிக் கிளறிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து விறகுப் பெட்டியைக் கவிழ்த்தாள். போன வருஷம் கவாத்து பண்ணிய குச்சிகள் கட்டுக் கட்டாக அதில் இருந்தன. ஒடித்தால் பட்டென்று முறிகிற சுள்ளிகள். வருஷா வருஷம் அந்தக் கொடியின் குச்சியையும் சேர்த்துத்தான் அடுப்பில் வைத்துக் காப்பி போட்டிருக்கிறாள். ஒரே ஒரு வருஷம், ஒரே ஒரு குச்சியை மண்ணில் குத்தி வைத்திருக்கலாம். அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கொடியை அவள் காப்பாற்றவில்லை. தம்பி பிடுங்கினான் என்பதால் தான் பிடுங்காமல் இருந்தாள், அவ்வளவே. இதை ஒப்புக்கொள்ள அவளுக்கு நவம்பர் முழுக்கப் பிடித்தது.

ஒரியெத்தாவுக்குத் தகவல் சொல்லவேண்டும் என்று தினமும் நினைத்தாள். ஒரியெத்தா இரண்டு தடவை கூப்பிட்டாள். இரண்டு தடவையும் கிளேலியா இடுப்பு வலியைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிட்டாள்.

இதற்கிடையில் தெரேசியோ அடிக்கடி வர ஆரம்பித்தான். கம்பிகளைப் பிடுங்கினான், விறகு பிளந்தான், அவள் சமையலைக் குறை சொன்னான், குறை சொல்லிக்கொண்டே சாப்பிடவும் செய்தான். ஜனவரியில், நல்ல உறைபனி விழுந்த ஒரு மத்தியானம், அவள் நெத்திலியையும் பூண்டையும் எண்ணெயில் கரைய வைத்து, சட்டியோடு சூடாக மேசை நடுவில் வைத்திருந்தாள். அக்காவும் தம்பியும் ஒரே சட்டியில் காய்கறித் துண்டுகளைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். பூண்டு வாடையோடு பூசைக்குப் போனால் பாதிரியார் ஓடிவிடுவார் என்று அவன் சொல்ல, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போது கதவு தட்டப்பட்டது.

ஒரியெத்தா நின்றிருந்தாள். ஒரு கையில் கவாத்துக் கத்தரி, மறு கையில் குச்சிகளைச் சுற்றி எடுத்துப்போக நனைத்த சாக்கு. முகம் சாம்பல் பூத்திருந்தது.

"மேல போய்ப் பார்த்துட்டு வர்றேங்க. கொடி எங்க? அங்க வெறும் மண்ணுதான் இருக்கு."

கிளேலியா எழுந்திருக்க முயன்றாள். இடுப்பு விடவில்லை. தெரேசியோ வாயைத் துடைத்துக்கொண்டு முந்திக்கொண்டான்.

"அந்தக் கிழட்டுக் கொடியா? நான்தாங்க எடுத்தேன். இவங்க தம்பி நான். நோய் வந்துருச்சு."

"நோயா? யார் சொன்னது?"

"நாடா நான்தானே கட்டினேன், டாக்டரம்மா" என்றாள் கிளேலியா.

ஒரியெத்தா அவளைப் பார்த்தாள். கட்டும்போது பக்கத்தில் நின்றவளுக்கு மேலே விளக்கம் தேவைப்படவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கிளேலியா தலையை மெல்ல, தம்பிக்குத் தெரியாத அளவுக்கு அசைத்தாள். அப்படி ஒரு கெஞ்சலை அவள் முகம் அதற்கு முன்னால் யாருக்கும் காட்டியதில்லை. ஒரியெத்தா கத்தரியை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

தெரேசியோதான் பேச்சை எடுத்தான். வந்த விருந்தாளி மனம் நொந்துபோயிருக்கிறாள், என்னவென்று புரியவில்லை, ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தான் போலிருக்கிறது.

"நல்ல பழமுங்க அது. பனி விழுந்தப்புறம்தான் திங்கணும். மொதல்ல புளிக்கும், முகம் கோணும். அப்புறம் மிளகு கடிச்ச மாதிரி ஒரு சுள். விழுங்கினப்புறம் ரொம்ப நேரம் கழிச்சுத்தான் இனிப்பு வரும், காய்ஞ்ச அத்திப்பழம் மாதிரி. சின்னப்புள்ளையில அப்பாவுக்குத் தெரியாம பறிச்சுத் திம்போம். நாக்கு கறுத்துப் போகும், அதை வச்சே அப்பா கண்டுபிடிச்சிருவாரு. ஞாபகம் இருக்காக்கா?"

நாக்கு கறுத்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ருசி ஞாபகம் இல்லை. பாகம் பிரித்ததிலிருந்து இத்தனை வருஷம் அதை வைத்திருந்தவள் ஒரு தடவைகூட வாயில் போட்டுப் பார்க்கவில்லை, குருவிக்கு விட்டுவிட்டாள். பிடுங்கினவன் நாக்கில் அது இன்னமும் இருந்தது. அவள் தலையை ஆட்டினாள்.

ஒரியெத்தா கேட்டாள், கேட்காமல் இருக்க முடியாமல்: "வெட்டின குச்சி ஏதாவது எங்கயாவது மிச்சம் கிடக்குமா? ஒரு துண்டாவது? ஈரத்துல கிடந்திருந்தா..."

தெரேசியோவுக்கு லேசாக ரோஷம் வந்தது.

"மிச்சமா? என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க. எங்க அக்கா தோட்டங்க. நோய்க் கொடியில ஒரு குச்சி, ஒரு சருகு விடலாமா? பூமியைச் சலிச்சு எடுக்காத குறையாப் பொறுக்கினேன். கடைசித் துண்டு எரிஞ்சு சாம்பலாகறவரைக்கும் அங்கயே நின்னு பார்த்துட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்." அக்காவின் பக்கம் திரும்பினான். நல்ல மார்க்கு வாங்கி வந்த பையன் முகம். "என்னக்கா, சரிதானே?"

கிளேலியா சட்டியை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"சுத்தமான வேலைடா" என்றாள். "தின்னு, ஆறிடப் போகுது."